வூஃபி ப்ரோ நீண்டகாலப் பயன்பாடு: ஏசி அறைச் சுவர், ஓதம், மழைக் கணக்கு

சுவருக்குள் வெப்பமும் ஈரமும் மணிக்கு மணி எப்படி நகர்கின்றன என்று கணக்கிடும் மென்பொருள் வூஃபி. ஜெர்மனியின் ஹோல்ஸ்கிர்ஷனில் உள்ள ஃப்ரௌன்ஹோஃபர் கட்டட இயற்பியல் நிறுவனம் உருவாக்கியது. ஹார்ட்விக் கூன்செல் 1994-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வுதான் இதன் அடித்தளம். இதன் ஒரு பரிமாணப் பதிப்பான வூஃபி ப்ரோவைச் சென்னை போன்ற கடலோர ஊரின் ஏசி கட்டடங்களுக்கு நெடுநாள் பயன்படுத்தியதில் தெரிந்தவற்றை எழுதுகிறேன். கணக்கிடும் பகுதி நம்பகமானது. விடை தவறினால் காரணம் பெரும்பாலும் நாம் கொடுத்த மழைத் தரவாகவோ பொருளின் குணங்களாகவோ இருக்கும்.

பழைய கிளேசர் முறை போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அது மாறாத வெப்பநிலையில் நீராவிப் பரவலை மட்டும் பார்க்கும். மழை, வெயில், சுவர் உறிஞ்சி வைத்திருக்கும் நீர் எதுவும் அதில் வராது. குளிர்நாட்டில் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகும் ஆவியைப் பார்க்க எழுந்த முறை அது. நம் ஊரில் திசையே தலைகீழ். வெளியே 32 டிகிரி, 75 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் என்றால் ஆவி அழுத்தம் ஏறத்தாழ 36 ஹெக்டோபாஸ்கல், பனிநிலை (ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 27 டிகிரி. உள்ளே ஏசி 24 டிகிரி, 55 விழுக்காடு என்றால் 16 ஹெக்டோபாஸ்கல்தான். ஆவி வெளியிலிருந்து உள்ளே தள்ளப்படுகிறது. மழையில் நனைந்த பூச்சின் மேல் வெயில் அடித்து அது 45 டிகிரிக்குச் சூடானால் அங்கே ஆவி அழுத்தம் 96 ஹெக்டோபாஸ்கலைத் தொடும். அந்த நேரத்தில் அறையின் உட்பக்கம் வினைல் வால்பேப்பர் ஒட்டியிருந்தால், உள்ளே வரும் ஆவி தாளின் பின்னால் மாட்டிக்கொள்ளும். அந்த இடம் 25 டிகிரி அளவில்தான் இருக்கும், அதாவது பனிநிலைக்குக் கீழே. ஹோட்டல் அறைகளில் தாளை உரித்தால் கறுப்பும் இளஞ்சிவப்புமாகப் பூஞ்சை தெரிவது இதனால்தான். வூஃபியில் உட்பரப்பின் எஸ்டி மதிப்பை (ஆவிக்கு அதே தடை தரும் காற்று அடுக்கின் தடிமன்) ஒருமுறை 2 மீட்டர் என்றும் (வினைல்), இன்னொரு முறை 0.1 மீட்டர் என்றும் (சாதாரண எமல்ஷன்) கொடுத்து ஓட்டினால் இரண்டு வரைகோடுகளும் எவ்வளவு விலகுகின்றன என்று வாடிக்கையாளருக்கே காட்டலாம். இந்த மென்பொருளின் பெரிய பயன் இப்படிப்பட்ட ஒப்பீடுதான்.

இனி உள்ளீடுகள். முதலில் தட்பவெப்பக் கோப்பு. ஆற்றல் கணக்குக்காகக் கிடைக்கும் ஈபிடபிள்யூ வானிலைக் கோப்புகள் பலவற்றில் மழைக்கான கட்டம் காலியாகவோ, தரவு இல்லை என்பதற்கான 999 என்ற எண்ணோடோ இருக்கும். பார்க்காமல் ஏற்றினால் மழையே இல்லாத சென்னை கிடைக்கும், சுவர் அருமையாக உலர்ந்து காட்டும். நாள் மழையளவை 24 மணிக்கும் சமமாகப் பிரித்துப் போடுவது இதைவிட மோசம். ஒரு நாளில் பெய்த 60 மில்லிமீட்டரைப் பிரித்தால் மணிக்கு 2.5 மில்லிமீட்டர் ஆகும். சுவர் அதை நாள் முழுக்க நிதானமாகக் குடிக்கும். உண்மையில் அது இரண்டு மணி நேரத்தில் கொட்டியிருக்கும். சுவரால் உறிஞ்ச முடிந்ததற்கு மேற்பட்டதெல்லாம் வழிந்து போயிருக்கும். காற்றும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் வேகமாக வீசியிருக்கும். ஆகவே மணிவாரி மழையும் அதே மணிக்கான காற்றின் வேகம், திசையும் சேர்ந்தே வேண்டும்.

கோப்பை ஏற்றியதும் திசைவாரிச் சாரல் படத்தைப் பாருங்கள். ஹோல்ஸ்கிர்ஷனில் சாரல் மேற்கிலிருந்து வரும். சென்னையில் வடகிழக்குப் பருவத்தில் வடக்கு, கிழக்குச் சுவர்கள் நனையும். கோடை மாலையின் இடிமழை மேற்கிலிருந்து அடிக்கும். மாதிரித் திட்டத்தின் திசையை மாற்றாமல் விடுவது அடிக்கடி காணும் தவறு. கட்டட உயரத்தையும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மழையைக் காற்றின் வேகத்தால் பெருக்கும் ஆர்2 கெழு, 10 மீட்டர் வரையுள்ள சிறு கட்டடத்துக்கு 0.07, உயர்ந்த கட்டடத்தில் 20 மீட்டருக்கு மேலே 0.2. கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேறுபாடு. சுவரில் பட்டுத் தெறிப்பது போக ஒட்டும் பங்கு 0.7 என்று இருப்பதை அப்படியே விடலாம்.

பெயிண்ட் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். வெளிப்பரப்பில் கொடுக்கும் எஸ்டி மதிப்பு ஆவிப் பரவலை மட்டுமே தடுக்கும். மழைநீர் உறிஞ்சுவதை அது தொடாது. எஸ்டி 0.5 மீட்டர் என்று போட்டுவிட்டு ‘நீர்புகாப் பெயிண்ட் அடித்தாயிற்று’ என்று நினைத்தால், வூஃபியின் சுவர் மழையைப் பழையபடி முழுதாகக் குடித்துவிட்டு, உலர்வதில் மட்டும் தாமதிக்கும். உள்ளதைவிட மோசமான விடை வரும். பெயிண்டின் நீர் விலக்கும் தன்மை வேண்டுமென்றால் மழை ஒட்டும் பங்கைக் குறைக்க வேண்டும், அல்லது சொந்த உறிஞ்சு குணங்களோடு மெல்லிய அடுக்காகவே சேர்க்க வேண்டும். பூச்சில் மயிரிழை வெடிப்பு வரும் என்பது நம் ஊரில் நிச்சயம். எனவே அமெரிக்கப் பொறியாளர் அமைப்பான ஆஷ்ரேயின் 160 தரநிலை சொல்வதுபோல், வெளிப்பரப்பில் படும் மழையில் 1 விழுக்காட்டை உள்ளே ஈர மூலமாக வைத்து இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பதை நாங்கள் விடுவதில்லை.

பொருள் தரவுத்தளம் பெரியது, ஆனால் ஜெர்மானியச் செங்கல்லை எடுத்து நம் சூளைச் செங்கல்லுக்குப் பொருத்தக் கூடாது. உறிஞ்சும் வேகம் சூளைக்குச் சூளை மாறும். அந்த வேகத்தைக் குறிக்கும் ஏ மதிப்பை அளப்பது கடினமில்லை. ஐஎஸ்ஓ 15148 முறைப்படி உலர்ந்த கல்லின் பக்கங்களை நீர் புகாமல் பூசி, அடிப்பக்கம் 5 மில்லிமீட்டர் மட்டும் நீரில் அமிழ வைத்து, 5 நிமிடம், 20 நிமிடம், 1, 2, 4, 8, 24 மணி என எடை பார்க்க வேண்டும். மேற்பரப்பில் ஒட்டிய நீரை ஈரத் துணியால் ஒற்றிவிட்டுத் தராசில் வையுங்கள். எடை கூடுதலை அடிப்பரப்பால் வகுத்து, நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிரே வரைந்தால் வரும் நேர்கோட்டின் சாய்வே ஏ மதிப்பு. அலகில் கவனம் வேண்டும். வூஃபி கேட்பது வினாடியின் வர்க்கமூலம், பல அறிக்கைகள் தருவது மணியின் வர்க்கமூலம். இரண்டுக்கும் இடையே 60 மடங்கு. நீர்மக் கடத்துகைக் கெழு ஏ மதிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் பிழை 3600 மடங்காகும். சரிபார்க்க ஒரு எண்: ஏ மதிப்பு 0.2, தன்னிச்சைச் செறிவு நீரளவு (பொருள் தானாக உறிஞ்சிக் கொள்ளும் அதிகபட்ச நீர்) கன மீட்டருக்கு 200 கிலோ என்றால், செறிவு நிலையில் இந்தக் கெழு வினாடிக்கு 0.0000038 சதுர மீட்டர் அளவில் வர வேண்டும்.

தொடக்க ஈரம் 80 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்தோடு சமநிலை என்று தானாக நிரம்பியிருக்கும். பழைய சுவருக்குச் சரி, புதுச் சுவருக்குச் சரியில்லை. ஏஏசி கல் (நுண்துளைகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) ஆட்டோகிளேவ் என்ற உயரழுத்த நீராவிக் கலனிலிருந்து வெளியே வரும்போது எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு நீரோடு இருக்கும். அது உலர்வதற்குள் இரு பக்கமும் அடர்த்தியான பூச்சும் அக்ரிலிக் புட்டியும் போட்டு மூடினால், முதல் ஆண்டின் கதை முழுக்க அந்தத் தொடக்க எண்ணிலேயே இருக்கிறது.

ஓட்டி முடித்ததும் வண்ணப் படத்துக்குப் போகாமல் கடைசி அறிக்கையைத் திறந்து, கணக்கு ஒருங்காத நேரப்படிகளின் எண்ணிக்கையையும் நீர்ச் சமன் 1, 2 ஆகிய இரு எண்களையும் (சுவரில் நீர் மாறிய அளவு, பரப்புகள் வழியே வந்துபோன நீரின் கணக்கு) பாருங்கள். இரண்டும் நெருங்காவிட்டால் அந்த விடையைப் பயன்படுத்தாதீர்கள். கனமழை மணிகளில்தான் பெரும்பாலும் கணக்கு தடுமாறும். வெளி அடுக்கின் வலையை (கணக்குக்காகப் பிரித்த கட்டங்களை) நுண்ணியதாக்கி, நேரப்படியைத் தானே குறைத்துக்கொள்ளும் வசதியை இயக்கினால் அநேகமாகத் தீரும். மொத்த நீரளவு வரைகோடு ஆண்டுக்கு ஆண்டு ஒரே மாதிரி திரும்பும்வரை ஓட்டுங்கள். பூஞ்சைக்கு ஃபின்லாந்தின் விடிடி ஆய்வு நிறுவனத்தின் குறியீடு 0 முதல் 6 வரை. கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் 3-ஐத் தொடக் கூடாது.

குறை என்றால் காற்றுதான். ஒரு பரிமாணக் கணக்கில் காற்று சுவருக்குள் ஓடாது. கசிவை ஒரு ஈர மூலமாக மதிப்பிட்டு வைக்கலாம், அவ்வளவே. 230 மில்லிமீட்டர் செங்கல் சுவரில் மேலே சொன்ன 36, 16 ஹெக்டோபாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் ஒரு சதுர மீட்டர் வழியே பரவலால் வருவது நாளுக்கு 11 கிராம் அளவுதான். ஏசி குழாய்த் துளை வழியே மணிக்கு ஒரு கன மீட்டர் வெளிக்காற்று புகுந்து 16 டிகிரியில் உள்ள குளிர்ந்த பரப்பில் பட்டால் நாளுக்கு 300 கிராம் நீர் படியும். துளையை அடைக்காமல் ஆவித் தடுப்பைப் பற்றி விவாதிப்பதில் பொருளில்லை. தரையிலிருந்து சுவரில் ஏறும் ஓதமும், ஸ்லாப் விளிம்பும், சன்னல் மூலையும் இந்தப் பதிப்பின் எல்லைக்கு வெளியே. அவற்றுக்கு வூஃபி 2டி அல்லது டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டெல்பின் மென்பொருள் தேவை. ஒரு பரிமாணத்தில் சில நிமிடங்களில் முடிவது அங்கே பல மணி நேரம் ஓடும். அறையின் ஈரப்பதமே கேள்வியாக இருந்தால் முழு அறையையும் கணக்கிடும் வூஃபி பிளஸ், அல்லது இலவச மென்பொருளான எனர்ஜிபிளஸில் உள்ள ஹாம்ட் (வெப்ப, ஈரக் கடத்தல்) முறை. ஹாம்ட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் உறிஞ்சல், மறுபரவல், ஆவிப் பரவல், கடத்துதிறன் அட்டவணைகளைத் தனித்தனியே நாமே எழுத வேண்டும். அந்த உழைப்புக்கு நேரம் ஒதுக்க முடிந்தால் மட்டும் அதைத் தொடங்குங்கள்.