ஏழு வருடம் தூக்கிய பேஸ் பெட்டி

காங்கேயத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் தம்பி போன வாரம் போன் செய்தார். "அண்ணா, உங்ககிட்ட இருக்குற அதே பதினெட்டு இஞ்ச் பேஸ் விலை எறங்கியிருக்குதுங்க. நாலு எடுத்துப் போட்டுரலாங்களா?" அவர் கேட்ட நேரத்தில் நான் தாராபுரம் ரோட்டில் ஒரு பட்டறையில் நின்று, அதே பேஸ் பெட்டிக்கு, அதாவது தாழ்ந்த சத்தத்துக்கென்று இருக்கிற பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்கு, கைப்பிடி மாற்றிக்கொண்டிருந்தேன். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

2018 கடைசியில் நான்கு பெட்டி வாங்கினேன். இன்றுவரை ஒன்றில்கூட உள்ளே இருக்கிற காயில் என்கிற கம்பிச்சுருள் கருகவில்லை, முன்னால் அதிர்கிற கோன் கிழியவில்லை. மாரியம்மன் நோம்பியில் கம்பத்தைச் சுற்றி ஆட்டம் நடக்கும்போது பறைக்கு மைக் வைத்தால், அடி நெஞ்சில் வந்து விழும். செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நின்றால் பாதத்தில் தெரியும். ஆர்கெஸ்ட்ராவில் கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் ஒன்றையொன்று அமுக்காமல் தனித்தனியாகக் கேட்கும். சத்தத்தில் இதற்கு மேல் நான் எதுவும் கேட்க மாட்டேன்.

பிரச்சினை கைப்பிடி. பக்கத்துக்கு ஒன்றாக, மரத்துக்குள் பதித்த இரும்புக் கிண்ணம். அதன் ஆழம் போதவில்லை. நான்கு விரலும் இரண்டாம் கணு வரைதான் உள்ளே போகும், உள்ளங்கை வெளியே நிற்கும். பிடிக்கிற விளிம்போ மடிக்காத தகடு. பெட்டியின் எடை 52 கிலோ. அந்த எடை முழுக்க விரல் நுனிகளில் தொங்குகிறது. வியர்த்தால் வழுக்கும். பங்குனி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு லோடு இறக்குகிறவனுக்கு வியர்க்காமல் இருக்குமா?

ஒரு கச்சேரிக்கு ஒரு பெட்டியை எத்தனை தடவை தூக்குகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். குடோனிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து தரைக்கு, அங்கிருந்து மேடை முன்னால் போட்ட பலகைக்கு. திரும்பும்போது அதே மூன்று. நான்கு பெட்டிக்கும் சேர்த்து 24 தடவை, 1,248 கிலோ. மாசியிலிருந்து சித்திரை வரை 40 கச்சேரி பிடித்தால் கிட்டத்தட்ட 50 டன். மற்ற ஸ்பீக்கர், கம்பிச் சட்டம், கேபிள் எல்லாம் இதில் சேரவில்லை.

இரண்டு பேர் தூக்கினால் ஆளுக்கு 26 கிலோதானே என்று கடைக்காரர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்தி வகுத்த கணக்கில், ஒருவர் தூக்குவதற்கு அதிகபட்சம் 23 கிலோ. அதுவும் பாரம் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், இடுப்பு திரும்பக் கூடாது, பிடி நன்றாக இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்த 23 இன்னும் இறங்கும். பிடி சரியில்லாத பெட்டியை வண்டியிலிருந்து திரும்பித் திரும்பி இறக்குகிற நமக்கு எவ்வளவு மிஞ்சும்?

இரண்டு வருடத்துக்கு முன், வெள்ளகோவில் பக்கம் ஒரு ஊரில் கச்சேரி. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் பாட்டை நிறுத்திவிட்டு அவசர அவசரமாகக் கழற்றினோம். அப்போதுதான் தூறல் நின்றிருந்தது. வண்டியில் ஏற்றும்போது எதிர்ப்பக்கம் பிடித்த பையனின் விரல் வழுக்கியது. பெட்டி அவன் காலில் விழாமல் இருக்க நான் இடுப்பைத் திருப்பி இழுத்தேன். அந்த நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. ஈரோடு வரை வண்டி குலுங்கிக்கொண்டு வந்த பிறகு சீட்டிலிருந்து இறங்க முடியவில்லை. இடுப்பில் நான்காவது ஐந்தாவது எலும்புக்கு நடுவில் டிஸ்க் பிதுங்கியிருந்தது. மூன்று மாதம் லோடு தூக்கவில்லை. என் மூத்த பெண்ணின் கல்யாண வேலைகளை நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்தேன். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது பக்கத்துக்கு ஒன்றாக, வெளியில் மடங்குகிற ஸ்பிரிங் கைப்பிடி போட்டிருக்கிறேன். ரப்பர் உருளை முழுக் கைக்குள் அடங்குகிறது. பழைய கிண்ணத்தைக் கழற்றாதீர்கள். புதுக் கைப்பிடிக்குப் போடுகிற துளைகளுக்கு அடியில் ரப்பர் வாஷர் கட்டாயம் வேண்டும். எங்காவது காற்று கசிந்தால் பேஸ் அடிக்கும்போது புஸ்ஸென்று சத்தம் வரும். நான்கு இஞ்ச் சக்கரம் வைத்த பலகையும் செய்தேன். சிமெண்ட் ரோட்டில் அது தெய்வம். கோயில் மைதான மணலில் புதைந்துவிடும், அங்கே கைதான்.

இந்தக் கைப்பிடியைக் கம்பெனியே போட்டிருக்கலாம். பெட்டிக்குள் அவ்வளவு நேர்த்தியாக வேலை செய்தவர்கள், அதைத் தூக்குகிறவனின் விரலை ஒரு தடவை நினைத்துப் பார்த்திருக்கலாம்.

அதனால் தம்பி, வாங்காதீர்கள். விலை இறங்கியிருந்தாலும் வேண்டாம். என்னுடைய நான்கையும் நான் விற்க மாட்டேன், அந்தச் சத்தத்தை விட மனசு வராது. ஆனால் புதிதாக எடுக்கிற உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நியோடிமியம் காந்தம் போட்ட பெட்டியைப் பாருங்கள், எடை நன்றாகக் குறையும். கடைக்குப் போகும்போது உங்களிடம் லோடு இறக்குகிற பையன்களையும் கூட்டிப் போங்கள். பாட்டுப் போட்டுக் கேட்பதற்கு முன்னால், அவர்களைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.