சென்டுடுக்கா, கெமுந்திங்கா? சிறிய தோட்டத்துக்கு ஏற்ற உள்ளூர்ப் பழச்செடி

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி வீடமைப்பு) புளோக்கின் கீழே சமூகத் தோட்டத்தில் ஓர் இடம் காலியானால், பழம் தரும் செடி எதையாவது வைக்கலாமே என்ற பேச்சு தவறாமல் எழும். நம்மவர்கள் வாயில் முதலில் வருவது தேன்பழம். “அண்ணே, பிள்ளைகளும் தின்னும், குருவியும் தின்னும்” என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அதே வேலையைச் செய்ய இந்த மண்ணுக்கே உரிய புதர்ச்செடிகள் இருக்கும்போது, அவற்றை நாம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். தேசியப் பூங்காக் கழகத்தின் சமூகத் தோட்டத் திட்டம் தொடங்கியது 2005இல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலான பாத்திகளில் கத்திரி, வெண்டை, பாண்டான் தாண்டி உள்ளூர்ப் பழச்செடி ஒன்றைக் காண்பது அரிதாகவே இருக்கிறது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் என்றால் சென்டுடுக் என்ற ஊதாப்பூப் புதர். நாக்குக்கு ருசிதான் முக்கியம் என்றால் கெமுந்திங், அதாவது தவிட்டுப்பழச் செடி. தேன்பழத்துக்கு மூன்றாம் இடம்தான்.

தேன்பழத்தை நான் குறைத்துப் பேசவில்லை. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த மரம் அது. பகலில் பூக்கொத்தியும் கொண்டைக்குருவியும், இரவில் பழந்தின்னி வௌவால்களும் அதை நாடி வருகின்றன. சிங்கப்பூரில் சாலையோரங்களில் அது தானாக முளைத்து நிற்பதும் அவற்றின் கைங்கரியம்தான். பழத்தின் இனிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அது புதரல்ல, வேகமாகப் படர்ந்து குடைவிரிக்கும் மரம். சமூகத் தோட்டத்தில் நட்டால் கொஞ்ச நாளில் பக்கத்துப் பாத்திகள் எல்லாம் அதன் நிழலுக்குள் போய்விடும். அப்புறம் வெட்டுவதா வேண்டாமா என்று குழுவுக்குள் மனக்கசப்பு.

சென்டுடுக் அப்படியல்ல. ஆள் உயரமோ, அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ வளரும். வெட்டினால் மறுபடி அடர்த்தியாகத் துளிர்க்கும். அடியிலிருந்து நுனிவரை வில்லாக வளைந்து ஓடும் நரம்புகள் கொண்ட சொரசொரப்பான இலை. ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த ஐந்து இதழ்ப் பூ, ஒரே நாள்தான் நிற்கும். ஆனால் மறுநாள் வேறொன்று விரியும். ஆண்டு முழுவதும் பூவும் காயும் பழமும் ஒரே கிளையில் இருப்பது இதன் பெரிய வசதி.

பூவை அருகில் சென்று பாருங்கள். மகரந்தத் தாள்கள் இரண்டு விதமாக இருக்கும்: குட்டையான மஞ்சள் நிறத்தவை ஒரு கூட்டம், நீண்டு வளைந்த ஊதா நிறத்தவை இன்னொரு கூட்டம். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான் கூலி. அதுவும் தாளின் நுனியிலுள்ள நுண்ணிய துளைக்குள் அடைபட்டிருக்கும். காலையில் வரும் பெரிய கருந்தச்சுத் தேனீ பூவைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரச் செய்யும். பறக்கும்போது கேட்கும் ரீங்காரம் திடீரென்று வேறு சுருதிக்கு ஏறும். அந்த அதிர்வில்தான் மகரந்தம் கொட்டுகிறது. ஒரு தொட்டிச் செடி இத்தனையையும் கண்முன் காட்டும் என்பதற்காகவே குழந்தைகள் உள்ள வீட்டில் இதை வைக்கச் சொல்வேன்.

பழம் ஒரு சிறிய குடம். பழுத்ததும் ஓடு ஒழுங்கில்லாமல் வெடித்து, உள்ளே கருநீலக் கூழும் அதில் புதைந்த பொடி விதைகளும் தெரியும். இனிப்பு உண்டு, கூடவே துவர்ப்பும் உண்டு. வாயில் போட்ட மறுகணம் நாக்கு கறுநீலமாகிவிடும். சட்டையில் பட்டால் கறை எளிதில் போகாது. இதை வைத்து ஜாம் செய்வது பெரும்பாடு, பறித்தபடியே தின்ன வேண்டிய பழம் இது. நமக்கு ஒரு பிடி கிடைக்கும், மீதி பறவைகளுக்குத்தான். முதுகில் செக்கச் சிவந்த பட்டையுடன் வரும் அந்தச் சின்னஞ்சிறு பூக்கொத்தி வெடித்த பழத்தில் அலகை விட்டுக் கூழை எடுக்கும். வாலடியில் மஞ்சள் தீற்றிய கொண்டைக்குருவியும் வரும். மனித நடமாட்டத்துக்கு அஞ்சாத பறவை அது. தாழ்ந்த புதரிலும் பால்கனித் தொட்டியிலும்கூடக் கூடு கட்டும்.

இன்னொரு சிறப்பு, மண்ணைப் பற்றி இது கவலைப்படுவதில்லை. அமிலத்தன்மை மிகுந்து அலுமினியம் கரைந்திருக்கும் மண்ணில் பல பயிர்களின் வேர் கருகும். சென்டுடுக் அந்த அலுமினியத்தை இலைகளில் சேர்த்து வைத்துக்கொண்டு செழிக்கும். காய்கறிப் பாத்திக்குப் போடுவதுபோல இதற்குச் சுண்ணாம்பு போடாதீர்கள், அது உபகாரமல்ல.

இனி கெமுந்திங். நீலகிரிப் பக்கம் உறவு உள்ளவர்கள் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்: அங்கே தவிட்டுப்பழம் என்பது இதுதான். கொய்யா, நாவல் குடும்பத்தைச் சேர்ந்தது. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் சாம்பல் வெண்மையாக, மென்மயிர் படர்ந்திருக்கும். பூ இளஞ்சிவப்பாக விரிந்து வெளுத்துக்கொண்டே போவதால், ஒரே செடியில் இரண்டு நிறப் பூ வைத்ததுபோலத் தெரியும். பழம் சிறிய நெல்லியளவு, கருஊதா நிறம், மேலே புல்லி இதழ்களின் கிரீடம். தோலில் மெல்லிய பூமயிர். உள்ளே மணமும் இனிப்பும். ருசியில் சென்டுடுக் இதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஜாம் நன்றாக வரும். வியட்நாமின் ஃபூ குவோக் தீவில் இதிலிருந்து மதுவே வடிக்கிறார்கள்.

பிறகு ஏன் முதலிடம் தரவில்லை? முதலாவது, வளர்ச்சி மெதுவானது. விதையிலிருந்து தொடங்கினால் பழத்தைக் காண நல்ல பொறுமை வேண்டும். இரண்டாவது, நாள் முழுக்க நேர் வெயில் வேண்டும். புளோக்குகளின் நிழல் பாதி நாள் விழும் பாத்தியில் இலை தழைக்கும், பழம் குறைந்துவிடும். மூன்றாவது, இது மணற்பாங்கான திறந்தவெளியின் செடி. நீர் தேங்கும் களிமண்ணில் வாடிவிடும். தண்ணீர் வடியும் மணல் மேடு, தெற்கும் மேற்கும் திறந்த இடம், அவசரப்படாத மனிதர்கள் — இந்த மூன்றும் அமைந்த தோட்டம் என்றால், என் தீர்ப்பை மாற்றிக்கொள்ளத் தயங்க மாட்டேன். சிங்கப்பூரின் இயற்கைச் சூழலில் கெமுந்திங்கை இன்று எளிதில் பார்க்க முடியாது என்பதும் அதை வளர்க்க ஒரு காரணம்.

வெயிலே வராத மூலை இருந்தால் மாத்தா பெலாண்டோக். சதுப்புநிலக் காட்டின் ஓரத்தில் வளரும் செடி, நிழல் தாங்கும், சிவந்து பின் கறுக்கும் மணிமணியான பழங்கள் கொத்தாகத் தொங்கும். தின்னலாம், ஆனால் சப்பென்றிருக்கும், பறவைக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். இதே செடிதான் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காட்டைத் தின்னும் களையாக, உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. எது எங்கே உரியது என்பதைப் பார்க்காமல் செடியை நல்லது கெட்டது என்று பிரிக்க முடியாது. சிம்போ ஆயர் என்ற உள்ளூர்ப் புதரும் அழகுதான், அதன் பெரிய இலையில் தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) மடிப்பார்கள், சிவந்த விதைகளைப் பறவைகள் விரும்பும். ஆனால் தொட்டிக்கு அடங்காது, நமக்குத் தின்னப் பழமும் இல்லை.

ஒரு எச்சரிக்கை அவசியம். சென்டுடுக் குடும்பத்திலேயே கிளிடேமியா என்றொரு செடி உண்டு. உடம்பெல்லாம் மயிர், சிறிய வெள்ளைப் பூ, கருநீலப் பழம். இனிக்கவும் செய்யும். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து புக்கிட் தீமா காடுவரை பரவிய ஊடுருவி அது. பறவை தின்கிறதே என்று அதை வளர்த்தால், அந்தப் பறவையே விதையைக் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். பூங்காவிலோ இயற்கை வனத்திலோ எந்தச் செடியையும் கிள்ளி எடுக்கவும் கூடாது, சட்டப்படி குற்றம். செடிப்பண்ணையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

தாழ்வாரத்தில் வைப்பவர்கள் 1.2 மீட்டர் வழி விட வேண்டும். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும், ஆகவே தட்டை எடுத்துவிடுவதே நல்லது. புக்கிட் தீமா, அப்பர் தாம்சன் போன்ற காட்டோர வீடுகளில் பழச்செடியே வேண்டாம், குரங்குகள் வாசலுக்கு வரப் பழகிவிடும். தட்டில் பழம் வைத்துப் பறவையை அழைப்பதும் வேண்டாம்; 2020 முதல் காட்டு விலங்குகளுக்கு உணவளிப்பது தீவு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. செடியில் பழுத்ததை அவை தேடி வந்து கொத்துவது வேறு, அதுதான் அவற்றின் இயல்பு.

நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ வடகிழக்குப் பருவமழை பிடிக்கும்போது நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை குறையும். சென்டுடுக்கை நேராக மண்ணில் வைக்கலாம், குச்சி வெட்டியும் பெருக்கலாம். கெமுந்திங் வைப்பவர்கள் மட்டும் முதலில் மணல் கலந்து பாத்தியை மேடாக்கிக்கொள்ளுங்கள். அந்த மழையில் வேர் நனைந்து கிடந்தால் அதற்கு ஆகாது.