டர்போ காருக்கு டவுன்பைப் மாற்றும்போது ஆக்சிஜன் சென்சார்: பழசா, புதுசா, ஸ்பேசரா?

கொழிஞ்சாம்பாறையில் குடியிருந்தால் ஒரு வசதி, வேலந்தாவளம் தாண்டினால் கோயமுத்தூர் மெக்கானிக் ஒன்று சொல்வார், இந்தப் பக்கம் பாலக்காட்டுச் சேட்டன் அதற்கு நேர் எதிராகச் சொல்வார், இரண்டையும் கேட்டு நாம் நிம்மதியாகக் குழம்பிக்கொள்ளலாம். என் 1.0 டர்போ பெட்ரோல் காரில் டவுன்பைப் மாற்றியபோது, ஆக்சிஜன் சென்சாரை என்ன செய்வது என்பதில் அப்படித்தான் ஆனது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் பைப், சைலன்சர் மட்டும் மாற்றுகிறீர்களா? அப்படியென்றால் பெரும்பாலான கார்களில் சென்சார் பக்கமே கை போகாது, சத்தம் மாறும், அவ்வளவுதான். டர்போவை ஒட்டி இறங்கும் டவுன்பைப்பை, அதாவது கன்வர்ட்டரோடு சேர்ந்த துண்டைக் கழற்றினால்தான் தலைவலி, ஏனென்றால் இரண்டு சென்சாரும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். முன்னது எரிபொருள் கலவையைப் பார்க்கிறது, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கைச் சுற்றி இசியு, அதாவது இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர், விளையாடுவது அது சொல்வதை வைத்துத்தான். பின்னது கன்வர்ட்டர் வேலை செய்கிறதா என்று வேவு பார்க்கும் ஆள். இந்த வித்தியாசம் புரியாமல்தான் பாதிப் பேர் பணத்தை விடுகிறார்கள்.

பழைய சென்சாரையே கழற்றி மாட்டலாமா? செலவில்லை, கனெக்டர் பொருந்தும், காருக்குப் பழகிய பொருள். ஆனால் பல வருடம் சூட்டில் வெந்த மரை லேசில் விடாது. என்னுடையதைச் சாதா ஸ்பேனர் போட்டுத் திருப்பியதில் முனை மழுங்கி, கடைசியில் மரையையும் பிய்த்துக்கொண்டு வந்தது. ஒயர் நுழையப் பக்கவாட்டில் வெட்டு விட்ட 22 மி.மீ. பாக்ஸ் இருக்கிறது, இன்ஜின் இளஞ்சூடாக இருக்கும்போது அதைப் போட்டுத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். கனெக்டரை முதலில் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சென்சாரோடு ஒயரும் முறுக்கிக்கொள்ளும்.

புதிது என்றால் அதிலும் இரண்டு வகை. காருக்கென்றே வரும் சென்சார் விலை கடிக்கும். ஒயரை வெட்டி ஒட்டும் யுனிவர்சல் வகை மலிவு, ஆனால் சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதைதான். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளிக்காற்றை ஒயர் வழியாகவே இழுக்கின்றன, அதை ஈயம் வைத்து அடைத்தாலோ கிரீஸ் பூசினாலோ அளவு தப்பும். அதைவிட முக்கியம், இப்போதைய டர்போ கார்கள் பலவற்றில் முன் சென்சார் ஐந்து ஒயர் வைட்பேண்ட் (கலவை எவ்வளவு என்று அளந்து சொல்வது), அந்த இடத்தில் நான்கு ஒயர் நேரோபேண்ட் (பெட்ரோல் கூடவா குறைவா என்று மட்டும் சொல்வது) வேலைக்கே ஆகாது. மரை இரண்டுக்கும் 18×1.5 என்பதால் உள்ளே போகும், போய் உட்கார்ந்துவிட்டால் கடைக்காரர் 'ஓகே சார்' என்பார், நாமும் நம்புவோம்.

என் முடிவு: லட்சம் கிலோமீட்டர் தாண்டிய கார் என்றால் முன்னது புதிது, பின்னது மரை நன்றாக இருந்தால் பழசே போதும்.

சரி, ஸ்பேசர். கன்வர்ட்டரை எடுத்துவிட்டு அல்லது செல், அதாவது உள்ளே துளைகள், குறைந்த ஸ்போர்ட்ஸ் கன்வர்ட்டர் போட்டுவிட்டு, கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்னும் பி0420 கோளாறுக் குறியீடு வராமல் இருக்க, பின் சென்சாரைப் புகை ஓட்டத்திலிருந்து கொஞ்சம் வெளியே தள்ளி வைக்கும் குட்டிக் குழாய் இது. பின் சென்சாரில் சில நேரம் பலிக்கும், சில நேரம் ஒரு வாரம் பலிக்கும். நான் போன பட்டறையில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று முன் சென்சாருக்கும் ஒன்று போட்டுவிட்டார்கள். நெம்மாறை தாண்டி போத்துண்டி அணைப் பக்கம் போகும்போதே செக் இன்ஜின் விளக்கு எரிந்துவிட்டது, நெல்லியாம்பதி ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி ஏற மாட்டாமல் இழு இழு என்று இழுக்கிறது, பின்னால் பைக்கில் வந்தவர் பெட்ரோல் வாடையில் முகத்தைச் சுளித்தபடி முந்திப் போனார். முன் சென்சாருக்கு ஸ்பேசர் போட்டால் அது தாமதமாகத்தான் பார்க்கும், இசியு இருட்டில் துழாவும். கூடாது என்றால் கூடவே கூடாது.

இதற்கு மாற்றாக மேப்பை, அதாவது இசியுவில் எழுதியிருக்கும் கணக்குகளை, மாற்றிப் பின் சென்சாரை மென்பொருளிலேயே அணைப்பதைக் கோவை நண்பர் தூக்கிப் பிடித்தார். ஸ்பேசரைவிடச் சுத்தமான வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாரண்டி போகும், கன்வர்ட்டர் இல்லாத வண்டி சட்டப்படியும் தப்பு, மாற்றம் செய்த வண்டி என்றால் கேரளத்தில் எம்விடி, அதாவது மோட்டார் வாகனத் துறை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கும். வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை மனப்பாடமாகச் சொல்லும் அதிகாரியிடம் எனக்கு வாதாடத் தெம்பில்லை. கன்வர்ட்டர் உள்ள டவுன்பைப், சென்சார் பழைய இடங்களிலேயே, இதுதான் என் ஓட்டு.

இடம் என்றதும் ஒன்று. முன் சென்சார் டர்பைனுக்கு, அதாவது டர்போவில் புகை சுழற்றும் சக்கரத்துக்கு, பின்னால், கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்க வேண்டும். டர்பைனுக்கு முன்னால் வைத்தால் சூடும் அழுத்தமும் சேர்ந்து அளவையும் கெடுக்கும், சென்சாரையும் தின்னும். சென்சார் மாட்டும் நட்டைப் புதிதாக வெல்ட் செய்வதாக இருந்தால் பைப்பின் மேல் பாதியில், கடிகாரத்தில் பத்துக்கும் இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். அடியில் வைத்தால் காலையில் பைப்பில் நிற்கும் தண்ணீர், சூடேறிய செராமிக்கில் பட்டு விரிசல் விடும். வெல்டிங் நேரத்தில் சென்சாரைக் கழற்றிவிட்டு ஒரு பழைய போல்ட்டை முறுக்கி வையுங்கள், மரை கோணாமல் இருக்கும். ஜாயின்ட்டுக்குச் சாதா சிலிக்கான் பேஸ்ட் தடவ விடாதீர்கள், அதன் ஆவியே சென்சாருக்கு விஷம். சென்சாருக்கு முன்னால் துளி லீக் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, காற்று அதிகம் என்று நினைத்து இசியு பெட்ரோலைக் கொட்டும், அப்புறம் மைலேஜ் போச்சே என்று சென்சாரைத் திட்டுவோம்.

தனி வைட்பேண்ட் மீட்டர் வைப்பது மேப் மாற்றுபவர்களுக்கு மட்டும் தேவை. நானும் ஆசைப்பட்டு மூன்றாவது நட் ஒன்று வெல்ட் செய்து வைத்தேன். மீட்டர் இன்னும் வாங்கவில்லை, அந்த ஓட்டையில் போல்ட் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.