தீப்புண்ணுக்கு சில்வர் சல்ஃபாடயசின் க்ரீம்: எப்படி இருக்கு?

அம்மாவின் முன்கையில் கொதிக்கிற ரசம் கொட்டி, கொப்புளம் உடைந்ததும் டாக்டர் எழுதிக் கொடுத்த க்ரீம் இது, 1% சில்வர் சல்ஃபாடயசின். வெள்ளை வெளேரென்று இருக்கும். பூசினால் குளிர்ச்சி, அம்மாவுக்கு எரிச்சலே இல்லை. அந்த வகையில் திருப்தி.

தொல்லையெல்லாம் கட்டு மாற்றும்போதுதான். பழைய பூச்சு புண்ணில் கசியும் நீரோடு சேர்ந்து, பாலேடு மாதிரி மஞ்சளாகப் படிந்துவிடுகிறது. சீழ் பிடித்துவிட்டது என்று அம்மா பயந்தே போனார். நர்ஸ் பார்த்துவிட்டு, "மருந்துதாம்மா இது" என்றார். அதை நனைத்த துணியால் மெல்லத் துடைத்தெடுத்த பிறகுதான் புதுப் பூச்சு, சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு. பொறுமை வேண்டும்.

1960களில் வந்த மருந்து, கிருமியை அடக்குவதில் கெட்டி. ஆனால் மேலோட்டமான புண் ஆறுவதை இது தாமதப்படுத்தலாம் என்று இப்போது சொல்கிறார்கள். அதனால் சின்னச் சூட்டுக்கெல்லாம் இதைத் தேடி ஓட வேண்டாம். சுட்டவுடனே 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். (டூத்பேஸ்ட் பூசச் சொன்ன பக்கத்து வீட்டு அக்காவை அம்மாவே அடக்கிவிட்டார்!)

சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைகள் ஆகியோருக்கு இது ஆகாது. டாக்டரிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.