ஆக்சிலரேட்டர் மிதித்தால் ‘டொக்’ சத்தமா? இன்ஜினை இறக்கச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

தண்டையார்பேட்டை டாக்சி டிரைவர் ஒருவர் 52,000 ரூபாய் கட்டி, 11 நாள் சவாரியை விட்டு, அதே சத்தத்தோடு வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு எங்கள் ஷெட்டுக்கு வந்திருக்கிறார். இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது என்பதால் முழுக்க எழுதுகிறோம்.

1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி, கம்பெனியே பொருத்திய சிஎன்ஜி. ஓட்டம் 1,40,000 கிலோமீட்டர். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊரும்போது, முதல் கியரில் கிளட்ச்சை விட்டால் அடியில் ஒரு ‘டொக்’. பேசின் பிரிட்ஜ் மேம்பாலம் ஏறும்போது காலை எடுத்து மறுபடி மிதித்தால் இன்னொரு ‘டொக்’.

அவர் முதலில் போன ஷெட்டில் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின்மேல் வைத்து, பிடியை அவர் காதில் கொடுத்திருக்கிறார்கள். “கேக்குதாண்ணா? கான்ராட் பேரிங் காலி. இப்படியே ஓட்டுனா ராடு பிளாக்கைப் பொத்துக்கினு வந்துடும்.” கான்ராட் என்பது பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழல் தண்டோடு இணைக்கும் ராடு; அந்த இணைப்பில் இருப்பதுதான் இந்த பேரிங். நல்ல இன்ஜினில் வைத்துக் கேட்டாலும் இன்ஜெக்டரும் வால்வும் தட்டுவது கேட்கும். பழக்கமில்லாத காதுக்கு அது பயமாகத்தான் இருக்கும்.

உண்மையில் பார்த்திருக்க வேண்டியது இது. கான்ராட் பேரிங் தேய்ந்திருந்தால் நியூட்ரலில் 2,500 ஆர்பிஎம் வரை ரேஸ் கொடுத்தாலே கனமான தட்டல் வரும்; வேகம் கூடினால் தட்டலும் கூடும். ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டரைச் சில நொடி கழற்றினால், எந்தச் சிலிண்டரில் கோளாறோ அங்கே சத்தம் அமுங்கும். (இக்னிஷன் காயிலைக் கழற்றாதீர்கள், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும்.) இந்த வண்டியோ நியூட்ரலில் ரேஸ் கொடுத்தால் பரம சுத்தம். பெட்ரோல் நேரங்கெட்டு வெடிக்கும் நாக்கிங்கும் இல்லை. அது ஒற்றை அடியாக வராது, லோடில் கிலுகிலுவென்று தொடர்ந்து வரும். ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறன்) மிக அதிகமான சிஎன்ஜிக்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இங்கே இரண்டு எரிபொருளிலும் சத்தம் ஒன்றுதான்.

பிறகு கிளட்ச் சோதனை. பானெட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக், கால் பிரேக் இரண்டையும் அழுத்தி, முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாற்றி மாற்றிக் கிளட்ச்சைக் கொஞ்சமாக விட வேண்டும். பார்ப்பவர் பக்கவாட்டில் நிற்கட்டும், வண்டிக்கு முன்னால் நிற்கவே கூடாது. இன்ஜின் இலேசாகச் சாய்வது சகஜம். இது குதித்தது, குதிக்கும்போதே ‘டொக்’. ராம்ப்பில் ஏற்றிப் பார்த்தால், இன்ஜினை அடியில் பிடித்திருக்கும் டார்க் ராட் மவுண்டிங்கின் ரப்பர் நடுவே கிழிந்து, இரும்பும் இரும்பும் மோதிப் பளபளவென்று தேய்ந்திருந்தது. மேலே கியர்பாக்ஸின் ஆக்சில் சீல் கசிந்து, அந்த ஆயிலில் ஊறியே ரப்பர் போயிருக்கிறது. மவுண்டிங்கை மட்டும் மாற்றியிருந்தால் புதிய ரப்பரும் அதே கதிக்குத்தான் போகும். சீல், கியர் ஆயில், மவுண்டிங், கூலி எல்லாம் சேர்த்து 3,900 ரூபாய். மவுண்டிங் போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்கும் முன் இன்ஜினை ஆட்டிவிட்டு, அது தன் இடத்தில் உட்கார்ந்த பிறகே டார்க் ரெஞ்ச் வைத்தோம். இழுத்துப் பிடித்து முறுக்கினால் ரப்பர் திருகியே நிற்கும், அதிர்வு ஸ்டீயரிங் வரை வரும்.

அப்படியானால் 52,000 எதற்கு? ‘இன்ஜின் இறக்கி ஏற்றியது, கிராங்க் லேத் கூலி, பேரிங் செட், சேம்பர் பேக்கிங்’ என்கிறது பில். இந்த இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பருக்குப் பேக்கிங்கே கிடையாது, பசை மாதிரியான சீலன்ட்தான். அந்தச் சீலன்ட்டும் கம்பெனியில் போட்டபடியே, மேலே ஆண்டுக்கணக்கான சேறோடு இருந்தது. சேம்பர் போல்ட் ஒன்றின் தலையில்கூட ஸ்பேனர் பட்ட தடமில்லை. சேம்பரைக் கழற்றாமல் கான்ராட் பேரிங்கைத் தொடவே முடியாது.

பழைய பேரிங் என்று ஒரு பொட்டலமும் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். ஷெல்லை (பேரிங்கின் பாதி வளையம்) திருப்பிப் பார்த்தால் முதுகில் 0.50 என்று குத்தியிருக்கிறது. கிராங்கை ஏற்கெனவே அரை மில்லிமீட்டர் கடைந்த இன்ஜினில் போடும் ஷெல் அது. ஒருமுறைகூடத் திறக்காத இன்ஜினுக்குள் அது இருக்க வழியே இல்லை. வேறு எந்த வண்டியின் குப்பையையோ இவருடையது என்று கொடுத்திருக்கிறார்கள். மனது ஆறவில்லை.

இன்ஜின் வேலை என்று யார் சொன்னாலும், ஆயில் பிரஷர் கேஜ் மாட்டி, சூடான இன்ஜினில் வரும் அளவை உங்கள் கண்ணெதிரே மேனுவலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். பேரிங் போயிருந்தால் பெரும்பாலும் அதில் உலோகத் துகள் மினுங்கும். சம்மதம் சொல்லும் முன் சேம்பர் போல்ட்டுகளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். உண்மையிலேயே கனமான தட்டலோடு ஆயில் விளக்கும் எரிந்தால் மட்டும் அந்த இடத்திலேயே நிறுத்தி, வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள், ஓட்ட வேண்டாம்.

பணம் போனவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இந்த டிரைவர் பில்லையும் அந்த 0.50 ஷெல்களையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறார்.