ஆரஞ்சு விளக்கு: ஏஎம்5 போர்டோடு இரண்டு ஆண்டுகள்

சேலம் குகைப் பகுதியில் இருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் கூப்பிட்டான். "அண்ணா, என் கணினியின் பிராசசர், போர்டு இரண்டையும் மாற்றலாம் என்று இருக்கிறேன். நீங்கள் வாங்கியதையே வாங்கட்டுமா?" வாங்கு என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை யோசித்ததில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2024 ஜனவரியில் ரைசன் 5 7600, ஒரு பி650 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ரேம் வாங்கினேன். ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு முன்பே கையில் இருந்தது. அதற்கு முன் இருந்தது நான்கு கோர் பிராசசர். விளையாட்டில் கூட்டமான தெருவுக்குள் நுழைந்தால் பிராசசர் நூறு சதவீதத்தில் முட்டி நிற்கும். கார்டு பாதி வேலைகூட இல்லாமல் காத்திருக்கும். படம் திக்கித் திக்கி நகரும். ரைசன் பிராசசர்கள் போர்டில் உட்காரும் ஏஎம்4 சாக்கெட் 2016-இல் வந்தது. அதற்கு 2024-இலும் புதிய பிராசசர்கள் வந்தன. அடுத்த சாக்கெட்டும் அப்படி உழைக்கும் என்று நம்பித்தான் ஏஎம்5 பக்கம் போனேன்.

பொருத்தும்போதே கை நடுங்கியது. ஏஎம்5-இல் ஊசிகள் பிராசசரில் இல்லை. 1718 ஊசிகளும் போர்டின் சாக்கெட்டில் நிற்கின்றன. கம்பிப் பிடியை அழுத்தியதும் கறுக்கென்று சத்தம் வந்தது, கறுப்புப் பிளாஸ்டிக் மூடி தெறித்து வெளியே விழுந்தது. அந்த மூடியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது மூடி இல்லாமல் போர்டை வாங்க மறுப்பவர்கள் உண்டு.

சுவிட்சைப் போட்டேன். விசிறிகள் சுற்றின, திரை கறுப்பாகவே இருந்தது. போர்டின் ஓரத்தில் டிராம், அதாவது ரேம், என்று அச்சிட்ட இடத்தில் ஓர் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்துப் போட்டேன். மறுபடியும் ஆரஞ்சு. ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். மறுபடியும் ஆரஞ்சு. அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் ஓய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. "காலையில் பார்த்துக்கொள்ளலாம், படுடா" என்றார் அம்மா. அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய், அம்மாவிடம் நான்கு வார்த்தை பேசித் திரும்பினால் போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸின் திரை வந்து நிற்கிறது!

நடந்தது இதுதான். டிடிஆர்5 ரேம் ஓடும் வேகத்துக்கு, பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவே ஒவ்வொரு தடத்திலும் சிக்னல் எந்தக் கணத்தில் வந்து சேர வேண்டும் என்று போர்டு அளந்து பொருத்திக்கொள்கிறது. மெமரி டிரெய்னிங் என்பது இதன் பெயர். முதல் முறை சில நிமிடங்கள் பிடிக்கும். நான் அணைத்த ஒவ்வொரு முறையும் அது முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. நல்ல போர்டைத் திருப்பிக் கொடுக்க எத்தனை பேர் கடைக்கு ஓடியிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

முதல் முறையோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். முழுவதுமாக அணைத்துப் போடும் ஒவ்வொரு நாளும் ஒரு நிமிடத்துக்கு மேல் கறுப்புத் திரை. தூக்க நிலையில் விட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்சாரத்தை நிறுத்தும் ஊரில் தூக்க நிலை எத்தனை நாள் நிற்கும்?

இதற்கு மருந்து பயாஸிலேயே இருந்தது. மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்ற அமைப்பை இயக்கினால், முன்பு அளந்ததை நினைவில் வைத்து நேராகத் தொடங்கும். இயக்கினேன், இருபது நொடியில் விண்டோஸ் வந்தது. மூன்றாம் நாள் ஆட்டத்தின் நடுவே நீலத் திரை. அந்த அமைப்பை அணைத்துவிட்டுப் பழைய கறுப்புத் திரைக்கே திரும்பினேன். எட்டு மாதம் கழித்து வந்த பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகுதான் அந்த அமைப்பு நிலையாக ஓடியது. அந்த அப்டேட்டும், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்போ அமைப்பை அணைத்து, 6000-இல் ஓடிய ரேமை 4800-க்கு இறக்கிவிட்டது. அப்டேட் செய்தவர்கள் இதை ஒரு முறை சரிபாருங்கள்.

பிராசசரைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். 65 வாட்தான். பெட்டியோடு வந்த சின்னக் கூலரை வைத்தே சேலத்துச் சித்திரை வெயிலை இரண்டு முறை தாண்டிவிட்டது. மதிய நேரத்தில் விசிறி கொஞ்சம் இரையும், அவ்வளவுதான். அந்தக் கூட்டமான தெருவில் இப்போது காரை வளைத்து ஓட்டுகிறேன், ஒரு திக்கலும் இல்லை. கார்டின் விசிறி பழுதாகி ஒன்பது நாள் ஐந்து ரோடு பக்கத்துக் கடையில் கிடந்தபோது, பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸை நம்பி போர்டின் எச்டிஎம்ஐ-யில் திரையை மாட்டி அலுவலக வேலை முழுவதும் செய்தேன். வாங்கும்போது அப்படி ஒன்று இருப்பதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

போர்டு வாங்குபவர்கள் எஸ்எஸ்டி மாட்ட எத்தனை எம்.2 இடம், என்ன விளக்கு என்று எண்ணுகிறார்கள். நானும் அதைத்தான் எண்ணினேன். அந்த மாடலுக்கு எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பயாஸ் வருகிறது என்று நிறுவனத்தின் தளத்தில் தேதிகளைப் பார்த்திருக்க வேண்டும். நாளைக்கே மறுபடி வாங்க நேர்ந்தாலும் இதே பிராசசரைத்தான் வாங்குவேன். இந்தப் போர்டை வாங்க மாட்டேன்.

தம்பிக்கு ஏஎம்5 வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். அவனிடம் இருப்பது ஏஎம்4 சாக்கெட் உள்ள பி450 போர்டு, ரைசன் 5 2600, 16 ஜிபி டிடிஆர்4. 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் ஏஎம்5-க்குத் தேவையான டிடிஆர்5-ஐப் புதிதாக வாங்குவது பணத்தைக் கொட்டுவதாகும். அதே போர்டில் ரைசன் 5 5600 உட்காரும், ரேமையும் மாற்ற வேண்டாம். "அப்படியானால் உங்களுடையது நல்லதில்லையா அண்ணா?" என்று கேட்டான். நல்லதுதான், உனக்குத் தேவையில்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறான். புதிய பிராசசரை அவன் போர்டு அடையாளம் காண முதலில் பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். அப்டேட் பாதியில் மின்சாரம் போனால் போர்டு கையை விட்டுப் போய்விடும், அதனால் யுபிஎஸ் இருக்கும் என் வீட்டில் வைத்துச் செய்கிறோம். பென்டிரைவை எஃப்ஏடி32-இல் ஃபார்மட் செய்து கொண்டு வா, புதிய பயாஸ் ஏறும் வரை பழைய பிராசசரைக் கழற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.