ஊரோ பிரேத்தோ: எந்தச் சுரங்கத்துக்குள் இறங்குவது?

பிரேசிலின் பழைய தங்கச் சுரங்க நகரான ஊரோ பிரேத்தோவின் பெயருக்குக் 'கருந்தங்கம்' என்று பொருள். ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் பாசாஜெம் சுரங்கமா, சிகோ ரெய் சுரங்கமா?

பாசாஜெம் பக்கத்து ஊரான மரியானாவுக்குப் போகும் வழியில் இருக்கிறது. தண்டவாள வண்டியில் 315 மீட்டர் சரிவில் இறங்கினால், 120 மீட்டர் ஆழத்தில் கண்ணாடிபோல் தெளிந்த ஏரி. கண்ணுக்கு விருந்து, சந்தேகமில்லை.

சிகோ ரெய் ஊருக்குள்ளேயே இருக்கிறது. வழி அவ்வளவு தாழ்வு, குனிந்துதான் நடக்க வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இந்தப் பாறையைக் கையால் குடைந்தார்கள். அவர்களுள் ஒருவரான சிகோ ரெய் என்ற காங்கோ அரசர், தங்கத்தூளைத் தலைமுடியில் ஒளித்துச் சேர்த்து விடுதலை பெற்று, இந்தச் சுரங்கத்தையே வாங்கினார் என்பது வாய்மொழி மரபு. உறுதியான ஆவணம் இல்லாவிட்டாலும், அந்த நெருக்கடியான இருட்டில் நிற்கும்போது தங்கத்தின் உண்மையான விலை உறைக்கிறது. நான் சிகோ ரெய்க்குத்தான் போகச் சொல்வேன்.

இவ்வூரின் தேன்நிறப் புஷ்பராகக் கல்லைப் பார்க்க இந்த இரண்டு சுரங்கங்களும் உதவாது. அதற்கு 1876இல் தொடங்கிய சுரங்கக் கல்லூரியின் அருங்காட்சியகம் திராதெந்தெஸ் சதுக்கத்தில் இருக்கிறது.